மூன்று வரிசைக்குக் கஷாயமில்லை

என் அன்பு அண்ணை,

மாசியில் நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தபோது கொம்புகள் மண்ணுக்குள் இருந்தன. மாட்டுக் கொம்புக்குள் சாணி அடைத்து நீங்கள்தான் புதைத்திருந்தீர்கள். வசந்தத்தில் தோண்டி, தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கி, திராட்சைக் கொடிகளின் அடியில் தெளிக்க வேண்டும். வேதியியல் படித்த எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தோண்டினேன். வேறு யார் தோண்டுவது?

நோர்பரியில் இருக்கும் சித்தப்பா வந்து பார்த்தார். "முந்திரிகைக் கொடிக்குச் சாணித் தண்ணியோ? பிள்ளை, லண்டன் யூனிவர்சிட்டியில இதையோ படிப்பிச்சவை?"

"ஓம் சித்தப்பா. வாளியைக் கொஞ்சம் பிடியுங்கோ," என்றேன். பிடித்தார். பிறகு மூக்கையும் பிடித்தார்.

கோடையில் மழை விடவில்லை. பூஞ்சைக்கு நீங்கள் காய்ச்சும் குதிரைவால் செடிக் கஷாயத்தை நானும் காய்ச்சினேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வேலியோரம் மூன்று வரிசைகளுக்கு மட்டும் தெளிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. சனிக்கிழமைகளில் எல்லா வரிசைகளிலும் நடந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தேன்.

வித்தியாசம் இருந்ததா? இல்லை. இரண்டு பக்கமும் பூஞ்சை வந்தது. ஆனால் சிறு பொட்டாக இருக்கும்போதே கண்டுவிட்டேன். மச்சாளும் உங்கள் மகளும் நானும் குலைகளைச் சுற்றியிருந்த இலைகளைக் கிள்ளிக் காற்றுப் போக வழிவிட்டோம். பூஞ்சை பரவவில்லை. அப்படி வரிசை வரிசையாக நடந்திருக்காவிட்டால் கண்டிருப்பேனா? இப்படித் தோட்டத்தில் நடக்க வைப்பதைத்தான் நீங்கள் கொம்பின் வேலை என்று சொன்னீர்களா?

பிரான்சில் கூலிக்குப் பழம் பறித்த நீங்கள், லண்டனின் வடக்கு ஓரத்தில் இந்தச் சரிவை எடுத்துச் சிவப்பு வைன்தான் செய்வேன் என்றபோது எல்லோரும் சிரித்தோம். புரட்டாதியில் அதற்கே சோதனை வந்தது. நுரை வைன் செய்யும் ஒருவர் பழம் முழுவதையும் கேட்டார். அவர்கள் புளிப்போடு முன்னதாகவே பறிப்பார்கள்; சிவப்புக்கு இன்னும் வெயில் வேண்டும். ஒப்புக்கொண்டால் இனி ஒவ்வொரு வருடமும் அவருக்கே. உங்கள் சிவப்பு அதோடு முடிந்தது.

"இவர் இருந்தா நில்லுங்கோ எண்டுதான் சொல்லுவார்," என்றார் மச்சாள். "ஆனா மழை இறங்கிச்செண்டா ஒண்டும் மிஞ்சாது, சுகந்தி. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான் மச்சாள். ஆனா ஒவ்வொரு குலையையும் பார்த்திருக்கிறன். தோல் இன்னும் தாங்கும். நிற்பம்."

"மாமி, ஷுவரா?" என்று கேட்டாள் உங்கள் மகள்.

"இல்லை," என்றேன்.

அந்த நுரை வைன்காரரிடம் தரமாட்டோம் என்று மச்சாளே சொன்னார். மழை வந்தது. கீழ் வரிசைகளில் கொஞ்சம் அழுகிப் போனது. மிச்சத்தை வெயில் ஏறிய ஒரு நாளில் பறித்தோம். இப்போது சாறு தோலோடு புளிக்கிறது; மேலே மிதக்கும் தோலை அமுக்கி அமுக்கி என் நகங்கள் கறுத்துவிட்டன. வேலையிடத்தில் கேட்கிறார்கள்.

நேற்று ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். புளிப்புத்தான், அண்ணை. பொய் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல சிவப்பு.

இந்த வாரம் கொம்புகளை நானே புதைப்பேன். வசந்தத்தில் நானே தோண்டுவேன். அந்த மூன்று வரிசைகளும் கஷாயமில்லாமலே இருக்கும். அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எனக்கு நடக்க ஏலும்வரை இந்தச் சரிவில் சிவப்புத்தான்.

கொம்பை இன்னும் நம்பாத உங்கள் தங்கச்சி,
சுகந்தி