மருந்தில்லாத தோட்டா

பாப்பாவின் அம்மாவுக்கு,

இது ஐந்தாவது கடிதம். பதில் வேண்டாம், கிழிக்காமல் படித்தால் போதும்.

காவலர் வேலைக்கான துப்பாக்கி சுடும் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். திங்கட்கிழமையும் கோட்டைவிட்டால் வேலை போச்சு. சுடும்போது பெரிய துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதைக்குத் தோள் மிரண்டிருக்கிறது என்று பயிற்சியாளர் சின்னத் துப்பாக்கியைக் கொடுத்தார். அதற்கு உதை இல்லையென்றே சொல்லலாம். அப்படியும் ஒரு குண்டுகூட நடுவில் விழவில்லை.

இன்று எனக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் என் கண்கள் இறுக மூடியிருந்தன, தோள் துள்ளியிருந்தது.

"பாத்தியா? அது வெடிக்கவே இல்ல. உன் உடம்பு முன்னாடியே அடி வாங்கிக்குது" என்றார்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று நம் சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்கத்தான் கையைத் தூக்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாய். "யாருகிட்டடி நடிக்கிற?" என்று கத்தினேன். மறுநாள் பாப்பாவோடு போய்விட்டாய்.

ஆயிரம் தடவை சின்னதில் சுட்டால் உடம்பு பயத்தை மறந்துவிடுமாம். அது என் உடம்புக்கு. உன் உடம்பு மறக்க நான் என்ன செய்வேன், சொல்லு?

திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா