கிழக்கு கேலரியின் முதுகு

அன்புள்ள மாப்ளே,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களை நலம் தானே தேடிக்கொண்டு வரும். உன் பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு அம்மாள் எடுத்து எனக்குத் தெரியாத பாஷையில் திட்டுகிறாள். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி, “பாஷை வேறன்னாலும் உங்களைச் சரியாத்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க” என்கிறாள். அதனால்தான் கடிதம். பூட்டுக் கடைக்காரன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

முதலில் நம் கால்பந்து கிளப். புது முதலாளியை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. டின்னில் அடைத்த உற்சாக பானம் விற்கிற கம்பெனி என்கிறார்கள். வந்த வேகத்தில் பச்சைச் சட்டையை ஊதாவாக்கினார்கள். என் தொப்பைக்கு ஊதா எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். கத்தரிக்காய்க்குக் கண்ணாடி மாட்டிய மாதிரி இருக்கும். நான் வாங்கவில்லை. கிழக்கு கேலரியில் ஒருத்தரும் வாங்கவில்லை. சேவல் சின்னத்தையும் எடுத்துவிட்டு மின்னலை வைத்துவிட்டார்கள். நம் செருப்புக் கடைக்காரர் கையில் சேவலைப் பச்சை குத்தியிருக்கிறாரே, அதை என்ன செய்யலாம் என்று குத்தினவனிடமே போய்க் கேட்டிருக்கிறார். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, “மின்னல் வராது சார், காலிஃபிளவர் வேணா ஆக்கித் தரேன்” என்றானாம். மனுஷன் அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை.

இனி உங்கப்பா சங்கதி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். காலிஃபிளவர் நடுவில் வந்துவிட்டது.

கிளப் கைமாறிய செய்தி வந்த அன்று நாங்கள் எல்லாரும் மைதானத்து வாசல் டீக்கடையில்தான் இருந்தோம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டீக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்போது உங்கப்பா நடந்து வந்தார். தன் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் முதலாளியாக நிற்பது போலவே நடுவில் வந்து நின்று, “நான்தான் வித்தேன். என் பொருள், என் இஷ்டம். எனக்கு அலுத்துப்போச்சு” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசுக்காக விற்றேன் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் அன்றே சமாதானமாகியிருப்பார்கள். அலுத்துப்போச்சு என்ற அந்த ஒரு வார்த்தை எல்லார் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்துவிட்டது.

எதிரி கிளப்புக்குத் தாவிய ஆட்டக்காரனுக்கு நம் கேலரி என்ன செய்யும் என்று உனக்கே தெரியும். நான் விசில் ஊதுவேன். மொத்தப் பேரும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் பின்சுவரைப் பார்த்து நிற்போம். இப்போது அந்த மரியாதை உங்கப்பாவுக்கு. முன்வரிசைக் கம்பி ஓரமாகவே நடந்து அவர் கோடியில் இருக்கிற தன் நாற்காலிக்குப் போய் உட்காரும் வரை நாங்கள் சுவரைத்தான் பார்ப்போம். உட்கார்ந்ததும் இரண்டாவது விசில். ஒவ்வொரு வாரமும். அவர் முழங்கால் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுநடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். “வேணும்னே மெதுவா நடக்கிறாரு, நம்ம கால் கடுக்கட்டும்னு” என்று நம் கேலரி பல் டாக்டர் பொருமுகிறார்.

மைதானத்துக்கு வெளியிலும் இதே கதைதான். சலூனில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முடிவெட்டிக்கொண்டு போன பிறகுதான் அவருக்கு நாற்காலி. லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அவர் வீட்டுக் கதவுப் பூட்டில் எவனோ பசையை ஊற்றிவிட்டான். நான்தான் போய்ச் சரிசெய்தேன். ஊற்றினவன் யார் என்று எனக்குத் தெரியும்; பசை வாங்கியதே என் கடையில்தான்.

இதில் என் கஷ்டத்தைக் கேள். உண்மையில் விற்றது யார் என்று ஊரில் உங்கப்பாவைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். “விமான நிலையத்துல உக்காந்து கையெழுத்துப் போட்டேன்டா, காப்பி ஆறதுக்குள்ள வேலை முடிஞ்சுது” என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பா கிளப்பை உன் பேருக்கு எழுதிக் கொடுத்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றாய். என்னிடம்! என் சொந்த மாமியாரே எனக்கு வைத்த பெயர் ‘ரேடியோ’. என் வாயில் தங்கிய ஒரே ரகசியம் உன்னுடையதுதான். அதற்கு நன்றிக்கடனாக உன் அப்பனுக்கு எதிராக நானே விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. கம்பி ஓரத்தில் நின்று, நான்தான் விற்றேன் என்று ஒரு வார்த்தை சொல். ஒரு சீசன் உனக்கு முதுகைக் காட்டுவார்கள். உனக்குத்தான் தோல் தடிமனாயிற்றே, தாங்கும். அவருக்குத் தாங்காது. வர முடியாவிட்டால் செருப்புக் கடைக்காரருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டாலும் போதும்.

உன் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
உன் ரேடியோ

*

அன்புள்ள மாப்ளே,

பதில் இல்லை. உனக்கு வேலை அதிகமாக இருக்கும். எனக்குப் பூட்டுத் தொழிலில் அவ்வளவு நெருக்கடி இல்லை, அதனால் நானே மறுபடி எழுதுகிறேன்.

நாங்கள் சுவரைப் பார்த்து நிற்பது பானக் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ரசிகர்களின் ஆவேசம், விளம்பரத்துக்கு ஆகும் என்றார்களாம். மைதானத்தில் இருக்கிற ஒரே கேமராவை எங்கள் முதுகைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார்கள். எங்கள் கோபத்தை வைத்து அவர்கள் டின் விற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் திரும்பி நின்றோம். கோபம் எங்களுடையது அல்லவா, விட்டுவிட முடியுமா?

போன சனிக்கிழமை. வாசலில் புதுச் சோதனை, நீண்ட வரிசை. உங்கப்பா உள்ளே வரும்போது ஆட்டமே ஆரம்பித்துவிட்டது. நான் விசில் ஊதினேன். எல்லாரும் சுவருக்குத் திரும்பினோம். அவர் நடக்கிறார், நிற்கிறார், நடக்கிறார்.

அந்த நேரத்தில்தான் நம் கோல்கீப்பர், ‘குடை’ என்று நாம் கூப்பிடுவோமே, மழை நின்ற பிறகு விரிகிறவன், அவன் தன் கோல் முனையிலிருந்து பந்தை ஓங்கி உதைத்திருக்கிறான். பந்து காற்றில் ஏறி, மைதானம் முழுக்கத் தாண்டி, ஒரே குதியில் எதிரணிக் கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்துவிட்டது. அப்படி ஒரு கோலைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்த சிமெண்டுப் படியில் உட்கார்ந்து மூலம் வாங்கினோம். கிழக்கு கேலரியில் ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. சுவரில் காரை பெயர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்ற பக்கங்களில் ஒரே கூச்சல். எதிரணி போட்டுவிட்டது என்று நினைத்தோம். பின்னாலிருந்து உங்கப்பா, “டேய் திரும்புங்கடா, திரும்புங்கடா” என்று கத்துகிறார். அவர் இன்னும் உட்காரவில்லை. நான் எப்படி இரண்டாவது விசில் ஊதுவது? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. பல் டாக்டர்தான் பொறுக்காமல் திரும்பினார். கிழவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். நாம் தோற்பதைக் கொண்டாடுகிறார் என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டார். டாக்டர் கையில் திறக்காத டின் இருந்தது. குப்பைத்தொட்டிக்குள் காகிதத்தை எறிந்தால்கூட வெளியே விழுகிற மனுஷன். அன்றைக்குக் குறி தப்பவில்லை. முன்பல் இரண்டு.

குடை எங்கள் கேலரியைப் பார்த்தே ஓடி வந்தான், பாவம். அவன் வாழ்க்கையில் போட்ட ஒரே கோல். வந்து பார்த்தால் எதிரே இருநூறு முதுகு. கம்பியில் சாய்ந்து கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தோளைத் தட்டிக் கொடுக்கிற ஒரு கிழவர். உங்கப்பா பிறகு நடந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டம் முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் பெரிய நெருக்கடி. ஒவ்வொரு கோலையும் டீ கிளாஸ்களை நகர்த்தி நடத்திக் காட்டினால்தான் அது நம் கணக்கில் கோல், உனக்குத் தெரியுமே. அன்றைக்கு கிளாஸை நகர்த்த ஆளில்லை. கேமராவிலோ எங்கள் முதுகு. செருப்புக் கடைக்காரர் யோசித்துவிட்டு, “நம்ம கேலரியில முழுசா பார்த்தது ஒரே ஆள்தான்” என்றார். ஒரு தூது போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மன்னிப்புக் கேட்க இல்லை. கோல் எப்படி விழுந்தது என்று கேட்டு வர. பசையை எடுத்துவிட்டவன் என்ற உரிமையில் என்னை அனுப்பினார்கள். பல் டாக்டர் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டார், பல்லுக்கு ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லச் சொல்லி.

உங்கப்பாவுக்கு உதடு பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், “கோலைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?” என்றார். சாப்பாட்டு மேஜையில் மாத்திரைகளைப் பரப்பினார். பிரஷர் மாத்திரை நம் குடை. தூக்க மாத்திரை எதிரணிக் கீப்பர். பல் போன வாயில் காற்று போக, பந்து எங்கே எழும்பியது, காற்று எந்தப் பக்கம் தள்ளியது, எங்கே குதித்தது எல்லாவற்றையும் காட்டினார். மூன்று முறை காட்டச் சொல்லிக் கேட்டேன். முகம் சின்னப் பையன் மாதிரி இருந்தது.

பிறகு மாத்திரைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே, “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டா” என்றார். “வயித்துல எதுவும் தங்காத பய நீ. இத்தனை மாசமா என்னைப் பார்த்தா தரையைப் பார்க்குறே.” ஏன் அப்படிச் சொன்னீர்கள், அதுவும் அலுத்துப்போச்சு என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். “காசுக்காகன்னு சொன்னா மன்னிச்சிடுவாங்க. மன்னிச்சிட்டா, யார் கையெழுத்துன்னு விசாரிப்பாங்க. அலுத்துப்போச்சுன்னா என்னைத் தவிர வேற யாரையும் தேட மாட்டாங்க. அவன் என்னைக்காவது வருவான். வந்தா அந்த கேலரியில அவனுக்கு முகம் இருக்கணும். எனக்கு முதுகு போதும்” என்றார்.

நீங்கள் சரியென்றால் இந்த வாரம் விசில் ஊதாமல் விட்டுவிடுகிறேன் என்றேன். பதறிவிட்டார். “விட்டுடாதே, சந்தேகம் வரும். வழக்கம்போல ஊது” என்றார்.

டீக்கடைக்குத் திரும்பி வந்து கிளாஸ்களை நகர்த்தினேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். செருப்புக் கடைக்காரர் அழுதேவிட்டார். உங்கப்பாவின் வாய் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பல் டாக்டர் மட்டும், “கார்டு வாங்கிக்கிட்டாரா?” என்றார்.

ஆகவே மாப்ளே, போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யாருக்கும் எழுதவும் வேண்டாம். அவர் பல்லைக் கொடுத்து உனக்காகப் பிடித்து வைத்திருப்பதை நீ வந்து கெடுக்காதே. சும்மா வா. கிழக்கு கேலரி மொத்தமும் உன்னைப் பார்த்துக் கையாட்டும். நடுவில் இடம் ஒதுக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் கம்பி ஓரமாக நடந்து வருவார். நான் விசில் ஊதுவேன், அவர் சொன்னபடி. நாங்கள் எல்லாரும் திரும்புவோம். அப்போது நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்பாய் என்பதை நீயே முடிவு செய்துகொள். அதில் நான் தலையிட மாட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இது என் ஆசீர்வாதம் இல்லை. என்னை வழியனுப்ப வாசல் வரை வந்து, உதட்டைப் பொத்திக்கொண்டு உங்கப்பா எழுதச் சொன்னது.

இப்படிக்கு,
உன் ரேடியோ