மூன்றாம் ஓலையும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ஜெர்லினும் நல்ல சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடுச்சும்மா என்பாய். போனில் பேசினால் நான் ஒன்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் சரிம்மா, விடும்மா என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஜெர்லின் இதைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புவாள், நீ குறுக்கே பேச முடியாது. அயர்லாந்தில் குளிர் இறங்கிவிட்டது என்றாயே, நைட் டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே, ஒரு வாய் கஞ்சியாவது குடித்துவிட்டுப் படு. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை, நேற்றும் பேக்கரிப் பக்கம் போய்விட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்தார், மீசையில் தேங்காய்ப்பூ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலை கோயிலில் வாசிக்கப்படவில்லை. நிறுத்தியது நான்தான். யாராவது உன் காதில் போடும் முன் என் வாயாலேயே நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் பூசையில் உன் பெயரையும் ஜான்பீட்டர் பெயரையும் வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று சொன்னபோது முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து பூரித்துப் போனவளும் நான்தான், மறுக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து சம்பந்தியம்மா முதலில் தேதியை மாற்றினார்கள், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்றார்கள், பண்ணிக்கொண்டோம். பிறகு மண்டபம் அவர்கள் ஊரில்தான் என்றார்கள், அதற்கும் அதே வார்த்தை, அதையும் ஒப்புக்கொண்டோம். இரண்டாம் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் போன் வந்தது. ஜெனிஷா அந்த அயர்லாந்து நர்ஸ் வேலைய விட்டுட்டு வந்துடட்டும், ஜான்பீட்டர் துபாய்லதான இருக்கான், வீட்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒத்தாசையா இருக்கட்டும், நீங்கதான் எடுத்துச் சொல்லி அட்ஜஸ்ட் பண்ண வைக்கணும் என்றார்கள். உன்னிடம் சொன்னேன். நீ சரிம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாசல் முருங்கை பூத்திருக்கா என்று கேட்டாய். கல்யாணப் பேச்சில் முருங்கைப் பூவை விசாரிக்கிற பெண்ணின் மனசு அம்மாவுக்குத் தெரியாதா தங்கம்?

அன்று இரவு முழுவதும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வாஞ்சூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஏறுகிறவள் சொல்வதும் அதுதான். ஜவுளிக்கடையில் நானே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன், சில்லறை இல்லாவிட்டால் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்று மிட்டாயை நீட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்பதற்கு முதலாளியும் என்னிடம் அதையே நீட்டுகிறார். ஜாக்கெட் கை இறுக்கினால் டெய்லர் பண்ணுவதும் அது, வண்டி பிரேக்குக்கு மெக்கானிக் பண்ணுவதும் அது. இதற்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று ஜெர்லினைப் போனில் பார்க்கச் சொன்னேன். சரிசெய்தல், பொருத்துதல், மாற்றியமைத்தல், ஒழுங்குபடுத்துதல், பழகிக்கொள்ளுதல் என்று வாசித்தாள். அதே பொருளில் இன்னும் என்னென்ன என்றேன், ஃபிட், ஃபிக்ஸ், ஆல்டர், அடாப்ட் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அத்தனையிலும் தேடினேன், உனக்குப் பிடித்ததை விட்டுவிட்டு வாயை மூடிக்கொள் என்று ஒன்றுகூட இல்லை. அதை நாமாகச் சேர்த்திருக்கிறோம், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.

சனிக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். பூ அலங்காரம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பீடத்துக்கு வெள்ளைப் பூ போதும்மா என்றார். தடை இருக்கு சாமி என்றேன். யார் சொன்னது என்று நிமிர்ந்தார். நாந்தான் சொல்றேன், பொண்ணோட அம்மா என்றேன். இதுவரை பெண்ணைப் பெற்றவளே வந்து தடை சொல்லி அவர் பார்த்ததில்லையாம். நடந்ததைக் கேட்டுவிட்டு, பேசித் தீத்துக்கலாமேம்மா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி என்று அவரும் ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. சாமி, முழுச் சுதந்திரத்தோட சம்மதிக்கிறியான்னுதான பீடத்துக்கு முன்னாடி எம் மவளக் கேப்பீங்க, அவ அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்னு பதில் சொன்னா நீங்க தாலிய மந்திரிச்சுக் குடுப்பீங்களா என்றேன். அவர் ஓலை நோட்டை மூடிவைத்தார். பிறகு, குடுக்க மாட்டேம்மா, அவ வாயால கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் வாசிக்கல என்றார்.

ஞாயிறு பூசையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு வாசித்தார்கள், உன் பெயர் வரவில்லை. பின்னால் குசுகுசு என்று பேச்சு. நான் திரும்பவே இல்லை. அப்பா என் பக்கத்தில் உட்காராமல் வாசல் தூணோரமாகவே நின்றார், வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சம்பந்தியம்மா போனில் கத்தினார்கள், கத்தட்டும். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை, நல்ல இடம், இது போனால் நாளைக்கு நீயே என்னைக் குறை சொல்வாயோ என்ற பயம் உண்டு. ஆனாலும் எடுத்து வைத்த காலைப் பின்வைக்க மாட்டேன். நேற்றுச் சாப்பிடும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். அவ என்னதான் சொன்னா, வேணும்னாளா வேணாம்னாளா என்றார். இத்தனை பேச்சில் நம் குடும்பத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் கேக்கலங்க என்றேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். ஜான்பீட்டர் நல்ல பையன்தான், ஆனால் அவன் தன் அம்மாவிடம் இதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ நேராக அவனுக்குப் போன் போட்டு, உன் வேலையைப் பற்றி அவன் நினைப்பு என்ன என்று கேள். கேட்டுவிட்டு எனக்கு வேணும் அல்லது வேணாம் என்று சொல். வேணும் என்றால் நானே போய் மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொல்லி, அதே பட்டுப்புடவையோடு முன்வரிசையில் உட்காருவேன். வேணாம் என்றால் ஊர் பேசுவதை நான் வாங்கிக்கொள்கிறேன், நீ நிம்மதியாக டியூட்டிக்குப் போ. யோசிக்க நாள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள், சாமியார் காத்திருப்பார். எங்களுக்காக என்று மட்டும் எதுவும் சொல்லிவிடாதே.

தேவமாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும். இருமலுக்கு மிளகு அனுப்பியிருக்கிறேன், பார்சல் வந்ததும் சொல்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்குத் தடை சொன்னவள்,
உன் அம்மா,
அந்தோணிமேரி