லாமா லாரியில் துபிசாவுக்குப் பெண் கேட்கப் போனது

அன்பு மகள் நில்தாவுக்கு அப்பா எழுதுவது. பூமித்தாய் பச்சமாமா புண்ணியத்தில் நான் சுகம், இடுப்பு மட்டும் கழன்றுவிட்டாற்போல் இருக்கிறது, காரணம் கீழே வருகிறது. கடல் தாண்டிப் பெர்கமோவில் நீயும் மருமகனும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறீர்கள்தானே?

உட்கார்ந்துகொண்டு படி. நான் எல் ஆல்தோவில் நம் வீட்டில் இல்லை, துபிசாவில் இருக்கிறேன். போனில் சொன்னால் நாக்குக் குழறும் என்றுதான் எழுதுகிறேன், இங்கே இருப்பவர்கள் இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார்கள். சல்லபாத்தாவில் சூப்புக்கடை வைத்திருந்த எர்மினியாவைத் தெரியுமே, சின்ன வயதில் நீ நான் ஓட்டின பஸ்ஸில் வரும்போதெல்லாம் உன் கிண்ணத்தில் பெரிய எலும்பாகப் பார்த்துப் போடுவாளே, அவள் புருஷன் போனபின் இங்கே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அர்ஜென்டினாவுக்கே குடிபோகிறாள் என்று காதில் விழுந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா போனபிறகு எதற்கும் இப்படிப் பதறியதில்லை, ஏன் பதறுகிறேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

ஒரு கொத்துப் பூ வாங்கிக்கொண்டு, இருப்பதிலேயே மலிவான பஸ்ஸில் ஏறினேன். அந்த டிரைவர் வளைவில் திரும்பும்போதெல்லாம் என் கால் தானாகத் தரையில் பிரேக்கை மிதித்தது, பக்கத்து சீட்டு அம்மாள், “காலை வச்சுக்கிட்டு சும்மா வரமாட்டீங்களா பெரியவரே” என்று கடிந்துகொண்டாள். சல்லபாத்தாவுக்கு முன்னாலேயே மறியல், சாலை முழுக்கக் கல். குடிதண்ணீர் வரும்வரை எலிகூடப் போகாது என்றார்கள். இறங்கி நடந்தேன். ஒரு பெண் வழிமறித்து, “இந்த வயசுல எங்க இந்த ஓட்டம்?” என்றாள். பொண்ணு கேக்கப் போறேன் என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான், மறியலே சிரித்தது! “மாப்பிள்ளைக்கு வழி விடுங்கடி” என்று கூவி, என் பையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் வரை வந்து, துபிசா சந்தைக்குப் போகிற லாரியில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் முழுக்க உரோமம் மண்டிய லாமாக்கள். ராத்திரி குளிருக்கு அதுகளைக் கட்டிக்கொண்டு தூங்கினேன், விடிந்து பார்த்தால் பூவையெல்லாம் தின்றுவிட்டுக் காம்பை மட்டும் வைத்திருந்தன.

காம்போடுதான் அவள் வாசலில் நின்றேன் மகளே. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இத்தனை வருஷம் என் சூப்பைக் குடிச்சிட்டு உப்பு ஜாஸ்தின்னு மட்டும்தான் சொன்னீங்க டிரைவரே, இப்ப லாமா நாத்தத்தோட வந்து நிக்கிறீங்களே” என்றாள். என்னோடவே இருந்திடு எர்மினியா என்றேன். சிரித்தாள், சிரித்து முடியாமல், ஊருக்குப் போகக் கட்டி வைத்திருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள், பிறகு பார்த்தால் கண்ணைத் துடைக்கிறாள். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது, இடுப்புதான் விடவில்லை.

ஆனால் சரி என்று அவள் இன்னும் சொல்லவில்லை. “நில்தா இருந்த வீட்டுக்கு அவளைக் கேக்காம நான் எப்படி வர்றது, அவ வாயால வரட்டும்” என்கிறாள். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு உன்மேல் கோபம் வராது, அம்மாவின் இடம் அம்மாவுக்குத்தான், அதை யாரும் கேட்கவில்லை.

கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை, படித்ததும் கூப்பிடு. மூட்டை கட்டினபடியே வாசலில் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து அவள் மொச்சை உரிக்கிறாள், பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு.

உன் அப்பா,
பௌஸ்தினோ கல்லிசாயா