ஒரு தட்டு நிறுத்த, இரண்டு தட்டுப் போக

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையில் மடித்த பச்சை அங்கியைக் கொடுத்தாள். "ஹிந்தெ கட்கொள்ளி அம்மா" என்று கன்னடத்தில் சொல்லி, கயிற்றைப் பின்னால் கட்டிக்கொள்ளும்படி தன் முதுகைத் தொட்டுக் காட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனாள். துணியை விரித்ததும் அந்த வாசனை எழுந்தது. கொதிக்கவைத்து, மருந்துத் தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்ட துணியின் வாசனை. பயந்துபோய் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மாதிரி ஒரு அங்கியோடு நீ சிட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தால் வேறு என்ன செய்வது?

உன்னை நான் முதலில் அறிந்தது ஒரு குரலாகத்தான். ஆஸ்டின் டவுனில் நான் ஏறும் காலை பஸ்ஸுக்கு நீ கண்டக்டராக வந்த புதிது. "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டே வருவாய். நான் வாயைத் திறக்கும் முன் டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "தொம்மலூர்!" என்பாய். என் ஆபீஸ் அங்கேதான், கணக்குப் பிரிவு. இறங்குகிற இடமே எனக்குப் பெயராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் புடவை கட்டிய ஒருத்தி என் தோளில் தட்டி, "இன்னா தொம்மலூர், காக்கி இல்லாட்டி ஆளு தெரிலயா?" என்று கேட்டபோதுதான், நீ எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள் என்று தெரிந்தது. என் சொந்தப் பெயர் தெரிந்த பிறகும் நீ என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். கடைசி வரைக்கும்.

நீ யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை குடித்துவிட்டு ஏறிய ஒருவன் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றான். நீ சண்டை போடவில்லை. ஒரு விசில் ஊதினாய். வண்டி நின்றது. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். "வண்டி என்னுது. நான் ரெண்டு ஊதினாத்தான் நகரும். நீ எறங்கு, ஊதறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டாய். அவன் இறங்கினான். நீ இரண்டு விசில் ஊதினாய். இவ்வளவுதான்.

அப்படிப்பட்ட உனக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது. வேளைக்குச் சாப்பிடாத வேலை. எரிச்சலுக்கு நீயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாய். மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னதும் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். "பாத்துட்டாப் போச்சு" என்று நீ தலையாட்டினாய். நீ பயப்படுவாய் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு உன்னை அங்கி மாற்றச் சொல்லி, தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டு, வராந்தாவில் உட்காரவைத்தார்கள். நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நீ எச்சில் விழுங்கப் பார்த்தாய். முடியவில்லை. மறுபடி பார்த்தாய். உன் கண் பெரிதானது. "தொண்டை இல்லடி. தொண்டையே இல்ல எனக்கு" என்றாய். நான் நர்ஸைக் கூப்பிடத் திரும்பிய நேரத்தில் நீ எழுந்துவிட்டாய். வராந்தா, படிக்கட்டு, வாசல், ரோடு. நான் உன் பையோடும் செருப்போடும் பின்னாலேயே ஓடினேன். வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு நீ கையைக் காட்ட, டிரைவர் உன்னைத் தெரிந்தவர், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நிறுத்தினார். சுடிதார் பேன்ட்டுக்கு மேலே பச்சை அங்கி, முதுகில் தொங்கும் கயிறு, வெறுங்கால். பஸ்ஸே உன்னைப் பார்த்தது. குழறுகிற நாக்கை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "இன்னா பாக்கறீங்க? புது யூனிஃபார்ம்."

அந்தக் கதையை உன் டிப்போவில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். நீயும் கூடவே சிரித்தாய். ஆனால் தொம்மலூர் ஸ்டாப்பில் இறங்கி நாம் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். உன் முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வலிக்கும் என்று பயமா என்று கேட்டேன்.

"வலி இன்னாடி வலி. ரெண்டு புள்ள பெத்தவ நானு" என்றாய். "வாயில கொழா இருந்தா நான் எப்டி நிறுத்தச் சொல்லுவேன்? கத்தக்கூட முடியாது. அவங்க பாட்டுக்குத் தள்ளிக்கினே இருப்பாங்க. சேசுவே, அதை நெனச்சாத்தான் மூச்சு முட்டுது."

வெகுநேரம் இருவரும் போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வண்டி கிளம்பும்போது அதன் கண்டக்டர் விசில் இல்லாமல் வெளித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கை சும்மாதானே இருக்கும்?" என்றேன்.

"இருக்கும்" என்றாய்.

அடுத்த வாரம் நீ திரும்பிப் போனாய். ஆட்டோவில் போகும்போது என் கையை நீ பிடித்த பிடியில் வளையல் தடம் இரண்டு நாள் இருந்தது. அந்த டாக்டரம்மா வயதானவர், நிதானமானவர். "போன வாரம் ஓடிப்போனது நான்தான் மேடம்" என்று நீ சொன்னதும், "அங்கியைக் கொண்டாந்தியா?" என்று கேட்டார். நீ துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாய். பிறகு உன் கண்டிஷனைச் சொன்னாய். கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லோரும் அப்படியே நிற்கவேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். அவர் ஒத்துக்கொண்டார். என்னை உள்ளே நிற்கவும் விட்டார்.

குழாய் உள்ளே போய் இரண்டு விநாடி ஆகியிருக்காது, நீ ஒரு தட்டுத் தட்டினாய். டாக்டரம்மாவின் கை நின்றது. நர்ஸ் நின்றாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிய, உன் விரல் கம்பியைத் தேடியது. இரண்டு தட்டு. அதற்குப் பிறகு கடைசி வரை நீ நிறுத்தவே இல்லை. வெளியே வந்து ஏன் அப்படி உடனே தட்டினாய் என்று கேட்டேன்.

"சும்மா. பிரேக் புடிக்குதான்னு பாத்தேன்."

குடலில் புண் இருந்தது. மருந்து சாப்பிட்டாய், ஆறியது. அதற்கப்புறம் பல வருஷம் காக்கியில் ஓடினாய். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், டிரிப் முடித்து டிப்போவில் சாப்பிட உட்கார்ந்தவள் எழவில்லை. இதயம் என்றார்கள். வயிற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் எதையும் செய்ய நேரமே இருக்கவில்லை.

இப்போது என் கதையைக் கேள். நீ இருந்திருந்தால் முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். எனக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, வெறும் சிவப்பு. ஸ்கேன் எடுத்தார்கள். அதில் தெளிவாகத் தெரியவில்லை, உள்ளே கேமரா விட்டு மூத்திரப்பையைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். எந்த வழியாக என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. மயக்க மருந்து இல்லை, ஜெல் மட்டும்தான். டாக்டர் ஆண். என் மகன் வயது.

அந்த வாரம் முழுவதும் நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றினேன். குக்கரில் தண்ணீர் விடாமல் அடுப்பில் வைத்தேன். பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டால் அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பயத்தைச் சொல்லலாம், வெட்கத்தை யாரிடம் சொல்வது? வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, எனக்கு ஊருக்குப் போகிற வேலை வந்துவிட்டது, தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கும் வரைதான் அந்த நிம்மதி. ஊர் வேலை ரத்தத்தை நிறுத்தாது. திரும்ப போன் போட்டு, "ஊருக்குப் போகல, திங்கட்கிழமையே வரேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பொம்மசந்திரா ஃபாக்டரியில் ஷிப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணும்னா அடுத்த மாசம் பாத்துக்கலாமா?" என்றார். பாவம், எனக்காகத்தான் கேட்டார்.

"இல்லங்க. இன்னிக்கே" என்றேன்.

டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். இரண்டையும் கலந்து பேசிக்கொண்டோம். படுத்து, கால்களைத் தூக்கி வைத்து, இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி போர்த்திய பிறகு நான் சொன்னேன்: "டாக்டர், நான் கம்பியில ஒரு தட்டுத் தட்டினா நிறுத்தணும். ரெண்டு தட்டினாத்தான் மறுபடி ஆரம்பிக்கணும்."

"அஞ்சு நிமிஷ வேலை அம்மா. நிறுத்தி நிறுத்திப் பண்ணா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"அந்தக் கஷ்டம் என்னோடது. பரவாயில்ல."

"வெளியே நாலு பேர் வெயிட் பண்றாங்க."

அந்த இடத்தில் நான் வழக்கமாக வாயை மூடிக்கொள்பவள். படித்தவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள், அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்தவள். ஆனால் அன்று நான் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தேன். "நீங்க சரின்னு சொன்னா நான் படுக்கறேன். இல்லாட்டி எறங்கிடறேன். ஆனா ஓடிப்போகல, வெளியே உக்காந்து உங்களுக்கு நேரம் கெடைக்கிற வரைக்கும் இருக்கேன்."

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி அம்மா. தட்டுங்க, நிறுத்தறேன்" என்றார். நர்ஸ் என் கையை எடுத்துக் கம்பியின் மேல் வைத்துவிட்டு, "ஹெதர்பேடி, நானு இத்தினி" என்றாள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று.

ஜெல் சில்லென்று இருந்தது. குழாய் நுழைந்தபோது எரிந்தது. தட்டினேன். நின்றார். உண்மையாகவே நின்றார். மூச்சை விட்டேன், இரண்டு தட்டினேன். பிறகு மூத்திரப்பையில் தண்ணீரை நிரப்பினார்கள். இந்த நிமிஷமே பாத்ரூம் போகாவிட்டால் மானம் போய்விடும் என்கிற மாதிரி முட்டியது. மறுபடி தட்டினேன். இந்த முறை எனக்கு அதிக நேரம் ஆனது. டாக்டர் காத்திருந்தார். போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அது தெரிந்ததால்தானோ என்னவோ, சொல்லவில்லை. தட்டினேன், இரண்டு.

திரையை எனக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்புச் சுவர். அதில் ஓர் இடத்தில், தண்ணீருக்குள் பாசி அசைவதுபோல ஏதோ அசைந்தது. டாக்டர் அங்கேயே நின்றார். நான் தட்டவில்லை.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"ஒரு வளர்ச்சி. சின்னதுதான்."

"எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம். மயக்க மருந்து குடுத்து எடுத்து, டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"எப்போ?"

அவர் குழாயை மெல்ல வெளியே எடுத்தபடி, "இந்த வாரமே பண்ணலாம், நீங்க ரெடின்னா" என்றார். ரெடி என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன, வார்த்தை சரியாகத்தான் வந்தது.

வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் நானேதான் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "வியாழக்கிழமைக்கும் லீவு சொல்லிடுங்க" என்றேன். தலையாட்டினார். இருவரும் கேன்டீனில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். பாத்ரூம் போகும்போதெல்லாம் எரிந்தது, சாயங்காலம் வரை.

வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. புற்றுதான். ஆனால் மேலோட்டமானது, ஆழத்துக்குப் போகவில்லை, வீரியமும் குறைவு என்றார் டாக்டர். திரும்ப முளைக்கிற சுபாவம் உண்டாம். அதனால் மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்க்கவேண்டும், அப்புறமும் வருஷக்கணக்காக அவ்வப்போது. அதே குழாய், அதே ஜெல். அது பழகிப்போகும் என்று நான் நம்பவில்லை. பழகாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

உன் சாவு வீட்டில் எல்லோரும் உன்னைத் தைரியசாலி என்றார்கள். டிப்போ மேனேஜரும் அப்படித்தான் சொன்னார். அவர்கள் பார்த்தது அவர்களுக்கு. நான் பார்த்தது வேறு. முழங்கால் ஆட, உதடு காய்ந்து, என் கையை நசுக்கிப் பிடித்திருந்த ஒருத்தி, பிறகு அந்தக் கையை விட்டுவிட்டுத் தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்தாள். நடுக்கம் நிற்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவளைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவளைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கவுன்டரில் இருந்த பெண் அடுத்த தேதியைப் பதியும்போது எந்த நேரம் வேண்டும் என்று கேட்டாள். காத்திருக்கிற நேரம்தான் எனக்கு ஆகாது. காலையில் முதல் ஆளாக என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.