ஒன்றுமில்லாத மாத்திரை

தம்பிக்கு,

நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வராதவனுக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றிருந்தேன். ஒரு தேவை இருப்பதால் எழுதுகிறேன்.

உன் அண்ணியின் கை மறுபடி நடுங்குகிறது. முன்பைவிட மோசம். பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். சாப்பிடும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். இங்குள்ள டாக்டரின் மருந்து பாதி வேலைதான் செய்கிறது. அளவைக் கூட்டினால் புத்தி தடுமாறுகிறது.

உன் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்தபோது, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது என்று விளக்கினாய். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற எனக்கே விளக்கம்! ஆனால் அவள் தேறியதும் மருந்துதான் என்று நானும் நம்பிவிட்டேன். டம்ளர் தளும்பாமல் காபி கொண்டுவந்தாள். மூட்டை கட்டி வைத்திருந்த தையலை எடுத்தாள். வாராவாரம் நீ ஃபோனில் கேள்வி கேட்கும் நாளில், காலையிலேயே தலை வாரி உட்கார்ந்துவிடுவாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் விதிப்படி உண்மையைச் சொன்னாய். அவள் விழுங்கியது வெறும் மாவு. நேர்மையான காரியம்தான், உன்னைக் குறை சொல்ல முடியாது. அதுவே எனக்கு எரிச்சல். ஃபோனை வைத்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா நான் நடிச்சேனா?" என்று கேட்டாள். நம் அக்கா வந்து, எல்லாம் மனப்பிரமை என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே டம்ளர் கைநழுவி விழுந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் மாவை அழுத்தி, அதே அளவில், அதே வெள்ளையில் மாத்திரை செய்து, நீ அனுப்பிய புது மருந்து என்று கொடுத்தேன். விழுங்கிவிட்டுச் சிரித்தாள். "உங்க மூஞ்சியப் பார்த்தா மாத்திரைக்கே நம்பிக்கை போயிடும்ங்க" என்றாள். பிறகு, உன்னிடம் கேட்டு அந்த ஒன்றுமில்லாததையே வாங்கித் தரச் சொன்னாள். தெரிந்தேதான் கேட்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று படித்தவன் கேட்டேன்.

"கை எப்படி இருக்கு அண்ணின்னு வாரம் ஒருதரம் ஒருத்தர் கேட்டாருல்ல" என்றாள்.

நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

நமக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும். நான் எதையும் மறக்கவில்லை. உன்னை மருத்துவம் படிக்க வைக்க என் மேல்படிப்பை நிறுத்தியதையும் சேர்த்துத்தான். ஆனால் அந்த மாத்திரையை அனுப்பு. விதி இடம் கொடுக்காது என்றால் ஃபோனாவது செய். பழைய கேள்விகளையே கேள். நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன், உனக்குச் சங்கடம் வேண்டாம்.

அந்தக் கேள்விகளை எனக்கும் எழுதி அனுப்பு. எதில் ஆரம்பிப்பாய், அவள் பேசாமல் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பாய் என்பதையும் சேர்த்து எழுது. நீ ஃபோன் செய்யாத நாட்களும் இருக்கின்றன.

நன்றாக இரு.

அண்ணன்