ஊதாக் கோடு

ஈப்போ,
15.3.1979

தம்பி சதாசிவத்துக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இங்கே யாரும் இல்லை. அப்பா இறந்தபோது லண்டனிலிருந்து தந்தி மட்டும் அனுப்பினாய். அதன் பிறகு உனக்கு எழுதுவதில்லை என்றிருந்தேன். இதை உன் அண்ணிக்காக எழுதுகிறேன்.

நல்லம்மாளுக்குத் தலைக்குள் கட்டி. தீபாவளி சமயத்தில் கோப்பியில் உப்பைப் போட்டாள், சிரித்தோம். பிறகு இடது கையில் பிடித்த கோப்பி மங்கு தானாக விழ ஆரம்பித்தது. கோலாலம்பூரில் மண்டையைத் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கோபால்ட் மெஷினில் கதிர் வைக்கிறார்கள். ஆறு வாரம் விடாமல் வைக்க வேண்டும். பாதிதான் முடிந்தது.

கதிர் பட வேண்டிய இடத்தைத் தலையில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் படக் கூடாது. சனி, ஞாயிறு வீட்டுக்கு அனுப்புவார்கள். போன சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், நம் தங்கை காளியம்மா அவளைப் பத்து காஜா ஊர்ப் பக்கம், நம் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் பாதித் தலையைத்தான் மழித்திருந்தார்கள். "பாதி மொட்டை ஆகாதுலா அண்ணி, மிச்சத்தையும் ஆத்தாளுக்குக் குடுத்துரலாம்" என்றாளாம். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மஞ்சள் தண்ணீர் ஊற்றியதில் கோடு முழுவதும் போய்விட்டது.

கத்தினேன். நல்லம்மாள் தலையைத் தடவிக்கொண்டே, "ஆத்தாளே அழிச்சிட்டா. இனிமே அங்க வரமாட்டேன்" என்றாள். திங்கட்கிழமை டாக்சி வந்து நின்றபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போனில் பேசினேன். கோட்டை மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார். நாள் தவறினால், தப்பிய அணுக்கள் அதற்குள் பெருகிவிடுமாம். காற்று எட்டாமல் உள்ளே கிடப்பவை கதிருக்கு லேசில் சாகாதாம். உனக்குத் தெரியாததா? நீ படிக்கப் போன டாக்டர் படிப்பு. நான் போயிருக்க வேண்டிய படிப்பு. அதை விடு.

நேற்றிலிருந்து இடது காலை இழுத்து நடக்கிறாள். "சதா சாப்பிட்டானா?" என்று என்னைக் கேட்கிறாள். இரண்டு முறை உனக்குத் தட்டு வைத்துவிட்டாள். உன் எட்டு வயதிலிருந்து உன்னை வளர்த்தவள். நீ சொன்னால் கேட்பாள்.

இன்று போஸ்டாபீஸில் உன் பெயரில் நானே ஒரு தந்தி எழுதிப் பார்த்தேன். "அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுதியதும் அது என் குரலாகவே இருந்தது. கிழித்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் அவளிடம் எனக்கு வேறு தொனி வந்ததில்லை.

என்னோடு வேலை பார்க்கும் அர்ச்சுனன் மாஸ்டர் நாளை லண்டனுக்கு விமானம் ஏறுகிறார். இது அவர் கையில் வரும். படித்தவுடன் அவளுக்குத் தந்தி அடி. கோடு அழிந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. ஆத்தாள் மேல் பழி போட்டால் கேட்கமாட்டாள். முதலில், நீ சாப்பிட்டுவிட்டதாகச் சொல். பிறகு போகச் சொல்.

நீயாவது நன்றாக இரு.

உன் அண்ணன்,
பத்துமலை